குருசடைத் தீவு – வாசல் இல்லாத ஒரு பூங்காவின் கதை

பூங்கா என்றதும் என்ன நினைவுக்கு வரும்? ஊஞ்சல், சறுக்குமரம், சிமெண்ட் பெஞ்சு, வாசலில் சுண்டல் விற்பவர், இருட்டினால் விசில் ஊதும் காவலாளி. மறைமலைநகர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் கொஞ்சம் பெரிதாக யோசித்தால் வண்டலூர் உயிரியல் பூங்கா ஞாபகத்துக்கு வரும். எப்படி இருந்தாலும் பூங்கா என்றால் ஒரு மதில் சுவர், ஒரு வாசல், ஒரு டிக்கெட் கவுண்டர் இருக்கும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

மதிலே இல்லாத ஒரு பூங்கா தமிழ்நாட்டில் இருக்கிறது. சுற்றிலும் கடல். போவதற்குச் சாலை கிடையாது, பாலம் கிடையாது, படகு மட்டும்தான். அதன் பெயர் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பனில் தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 குட்டித் தீவுகள் அதில் அடக்கம். இந்த 21 தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் சுமார் 600 ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். அதாவது, ஒரு வண்டலூரை 21 துண்டாக உடைத்துக் கடலில் போட்டது போல!

அந்த 21 தீவுகளில் உலகம் முழுவதும் உள்ள விலங்கியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. அதுதான் குருசடைத் தீவு. பரப்பளவு சுமார் 66 ஹெக்டேர். ராமேஸ்வரம் தீவின் தெற்குப் பக்கம், குந்துகால் முனைக்கு எதிரே இருக்கிறது. பக்கத்திலேயே சிங்கில், புள்ளிவாசல், பூமரிச்சான் என்று இன்னும் மூன்று தீவுகள் இருக்கின்றன.

சுற்றிலும் கடல் இருந்தால் தீவு பத்திரமாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். இந்தத் தீவுகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்கு மேலேயே இல்லை.

தீவு எப்படி உண்டானது?

இந்தக் கதை புரிய வேண்டுமானால் முதலில் பவளப்பாறை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாறை என்று பெயர் இருந்தாலும் அது உயிருள்ளது. பவளப் பூச்சி (பாலிப்) என்பது மிகச் சிறிய, மென்மையான உடல் கொண்ட ஓர் உயிரினம். அது கடல்நீரில் உள்ள கால்சியத்தை எடுத்து, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பினால் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கான பூச்சிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடு மேல் கூடு கட்டினால் அது பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன.

அலை அடித்து உடைந்த பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள், மணல் எல்லாம் ஆழமில்லாத இடத்தில் வந்து குவிகின்றன. மேடு உயர்கிறது. பறவைகள் விதை கொண்டு வருகின்றன. செடி முளைக்கிறது, வேர் மணலைப் பிடிக்கிறது. ஒரு தீவு பிறக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான். குருசடையின் கரையில் கால் வைத்தால் காலுக்குக் கீழே நொறுங்குவது கூழாங்கல் அல்ல, செத்துப்போன பவளம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீவைச் சுற்றி நீருக்குள் உயிரோடு இருக்கும் பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கிறது. அந்தத் தடுப்பு போய்விட்டால் அலை நேராக மணல்மேட்டில் வந்து மோதும். வீட்டின் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு வீடு மட்டும் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

முத்துக்காக வந்தவர்கள்

மனிதர்கள் இந்தக் கடலுக்கு முதலில் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல, முத்துக்கும் சங்குக்கும் மீனுக்கும்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளே அங்கு முத்துக் குளித்தார்கள் என்றும் அது சொல்கிறது. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இந்தக் கரையோர முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினார். பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது முத்துச் சலாபத்தைத்தான்.

ஆனால் முத்துச்சிப்பி விசித்திரமானது. ஒரு வருஷம் கொட்டிக் கிடக்கும், அடுத்து பல வருஷங்கள் காணவே காணாது. காரணம் என்ன என்று கண்டுபிடிக்க ஆங்கில அரசு விஞ்ஞானிகளை அனுப்பியது. 1902-ல் இலங்கையின் முத்துப் படுகைகளை ஆராய ஹெர்ட்மேன் என்ற பேராசிரியரும் அவருடன் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற இளைஞரும் வந்தனர். இந்த ஹார்னெல்தான் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். புனிதச் சங்கைப் பற்றி 1914-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

1930-களில் சென்னை மாகாண மீன்வளத் துறை குருசடையில் முத்துச்சிப்பிப் பண்ணை ஒன்றை நடத்தியது. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டிவிட்டார், நம்மால் முடியாதா என்ற கேள்வி அந்தக் காலத்தில் பலரிடம் இருந்தது. குருசடைப் பண்ணையில் சிப்பி எவ்வளவு வேகமாக வளர்கிறது, எதனால் சாகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். அந்த முடிவுகள் 1956-ல் அறிக்கையாக வெளிவந்தன. கடைசியில் வளர்ப்பு முத்து கிடைத்தது 1973-ல், தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில். அதற்குள் இயற்கை முத்துக்குளிப்பு முடிந்தே போயிருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

விலங்கியல் மாணவர்களின் புண்ணியத் தலம்

குருசடைக்கு உலகப் புகழ் கிடைத்தது முத்தினால் அல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பவர்கள் அதன் பழைய கண்காணிப்பாளர்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கலாம். எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1885 முதல் 1908 வரை அந்தப் பதவியில் இருந்தார். சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளால் அவரைப் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே அவர் எழுதியது மன்னார் வளைகுடாவின் கடல் உயிரினங்களைப் பற்றி என்பது பலருக்குத் தெரியாது.

அவருக்குப் பின் வந்தவர்களில் எஃப்.எச். கிரேவ்லி முக்கியமானவர். 1920-களில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் குருசடையின் கரையோர உயிரினங்களை வகை வகையாகப் பட்டியலிட்டார்கள். 1927-ல் அது அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. கடற்பஞ்சு, பவளம், நண்டு, நட்சத்திர மீன், கடல் அட்டை என்று ஒரு சின்னத் தீவின் ஓரத்தில் இவ்வளவா என்று படித்தவர்கள் வியந்தார்கள். 'உயிரியலாளர்களின் சொர்க்கம்' என்ற பட்டப்பெயர் குருசடைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொர்க்கத்தின் கதாநாயகன் ஒரு புழு! பெயர் பலனோகிளாசஸ். மணலுக்குள் வளை தோண்டி வாழும். மூக்கு மாதிரி ஒரு முன்பகுதி, அதன் பின் ஒரு கழுத்துப்பட்டை, பின் நீண்ட உடல். தொட்டால் உடைந்துவிடும் அளவுக்கு மென்மை. அருகில் கொண்டு போனால் ஆஸ்பத்திரி மருந்து (அயோடோஃபார்ம்) வாடை அடிக்கும். இதில் என்ன பெருமை என்கிறீர்களா? புழு போல இருந்தாலும் அதன் தொண்டைப் பகுதியில் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் துளைகள் இருக்கின்றன. முதுகெலும்பு இல்லாத உயிரினங்களுக்கும் முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் நடுவே இருக்கும் உறவைக் காட்டும் உயிரினமாகப் பாடப்புத்தகங்கள் அதை வைத்திருக்கின்றன. பி.எஸ்சி. விலங்கியல் படித்த எவரும் அந்தப் படத்தை ஒரு முறையாவது ரெக்கார்டு நோட்டில் வரைந்திருப்பார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகம் மண்டபத்தில் இருந்தது. தமிழகக் கல்லூரிகள் மட்டுமல்ல, வட இந்தியப் பல்கலைக்கழகங்களில் இருந்தும் மாணவர்கள் ரயில் ஏறி மண்டபம், பாம்பன் வந்து படகில் குருசடைக்குப் போனார்கள். அலை வற்றும் நேரம் பார்த்து முழங்கால் தண்ணீரில் கல்லைப் புரட்டினார்கள். கிடைத்ததைச் சாடியில் போட்டு ஃபார்மலின் ஊற்றி ஊருக்கு எடுத்துப் போனார்கள். அன்றைய விதி அப்படித்தான் இருந்தது. எடுத்துப் பார்ப்பதுதான் படிப்பு.

அறிவுக்காக எடுப்பதும் எடுப்பதுதான் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. ஆனால் தீவுக்கு வந்த பெரிய அடி மாணவர்களின் சாடியில் இருந்து வரவில்லை.

சுண்ணாம்புக்குப் போன பவளம்

பவளம் என்பது கிட்டத்தட்ட சுத்தமான சுண்ணாம்பு. சுண்ணாம்பு யாருக்குத் தேவை? வீடு கட்டுபவருக்குத் தேவை, சுண்ணாம்புக் காளவாய்க்குத் தேவை, கால்சியம் கார்பைடு தயாரிக்கும் ஆலைக்குத் தேவை. மலையை உடைத்துச் சுண்ணாம்புக்கல் எடுப்பதைவிட, ஆழமில்லாத கடலில் கடப்பாரையால் பவளத்தைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவது சுலபமாக இருந்தது.

பல பத்தாண்டுகள் இது நடந்தது. முதலில் செத்த பவளத்தை எடுத்தார்கள், பிறகு உயிருள்ளதையும் எடுத்தார்கள். வெட்டியவர்கள் பணக்காரர்கள் அல்ல. மீன் கிடைக்காத நாளில் கூலிக்குப் போன கடலோர மக்கள்தான். லாபம் பார்த்தவர்கள் கரையில் இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே மண்டபத்துக் கடல்மீன் விஞ்ஞானிகள் இதைப் பற்றி எச்சரித்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் 30 ஆண்டுகள் வள்ளங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

பாதிப்பு எவ்வளவு? மன்னார் வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறையில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துபோனது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தில் மூன்று பங்கு!

சுவரை இடித்தபின் வீடு என்ன ஆகும் என்பதற்கும் விடை கிடைத்தது. கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகளும் கடலுக்குள் மூழ்கின. இரண்டுமே சிறியவை. பூவரசன்பட்டி கால் ஹெக்டேர், விலாங்குச்சல்லி ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது. 2014-ல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. காரியாச்சல்லித் தீவு 1969-ல் இருந்த பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இழந்துவிட்டது.

சுனாமியோ புயலோ இதற்கு முதல் காரணம் அல்ல. படகு மட்டும்தான் போக முடியும் என்பது தீவைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் பவளத்தை அள்ளிப் போனதும் அதே படகுகள்தான்.

1986: கடலில் போட்ட கோடு

1872-ல் அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் உலகின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. அதன் பின் 'தேசியப் பூங்கா' என்ற சொல் உலகெங்கும் பரவியது. ஆஸ்திரேலியப் பெரும் பவளத் திட்டில் கெய்ன்ஸ் நகருக்கு எதிரே உள்ள கிரீன் தீவு 1937-லேயே தேசியப் பூங்காவானது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1982-ல் குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 1986-ல் தமிழக அரசு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-ல் யுனெஸ்கோவும் அதை ஏற்றது.

தேசியப் பூங்கா என்றால் என்ன அர்த்தம்? அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. எதையும் பிடிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. காட்டில் இந்த விதியை விளக்குவது எளிது. கடலில்? தலைமுறை தலைமுறையாகத் தீவுகளில் இறங்கி, வலை காயவைத்து, விறகு பொறுக்கி, இரவு தங்கி மீன் பிடித்தவர்களுக்கு ஒரு நாள் காலையில் அது குற்றம் என்று ஆனது. தண்ணீரில் கோடு தெரியாது. எந்த இடத்தில் வலை போட்டால் தொழில், எந்த இடத்தில் போட்டால் வழக்கு என்பது மீனவருக்குப் புரியாத புதிராகிவிட்டது.

2001-ல் இன்னொரு அறிவிப்பு வந்தது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் புலிக்கும் யானைக்கும் சமமாகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் அட்டையை நம்பி வாழ்ந்த ராமநாதபுரம் மாவட்டக் குளியாளிகள் பலருக்கு ஒரே நாளில் தொழில் போனது. பவளம் வெட்டுவது 2005-வாக்கில்தான் நின்றது. பூங்கா அறிவித்துச் சுமார் 20 ஆண்டுகள் கழித்து!

சட்டம் வந்தும் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இதற்குப் பதில் மன்னார் வளைகுடாவில் மட்டும் தேடினால் போதாது. செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒரு பதில் இருக்கிறது.

வேடந்தாங்கலில் நடந்தது

மறைமலைநகருக்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. அங்கே பறவைகளைக் காக்க முதலில் வந்தது வனத்துறை அல்ல, ஊர்க்காரர்கள். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டியதில்லை. பறவை வந்தால் விளைச்சல் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குக் 'கவுல்' எழுதிக் கொடுத்தார். அதாவது, ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்ற உறுதிப் பத்திரம். எல்லோஸ்டோனுக்கு 74 ஆண்டுகள் முந்தையது இது! வனவிலங்குச் சட்டத்தின்படி முறையாகச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டதோ 200 ஆண்டுகள் கழித்து 1998-ல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேடந்தாங்கலில் மக்கள் கேட்டார்கள், அரசு எழுதிக் கொடுத்தது. மன்னார் வளைகுடாவில் அரசு எழுதியது, மக்களுக்குத் தகவல் போனது. முதல் இடத்தில் காவல் காப்பவருக்குப் பலன் இருந்தது. இரண்டாவது இடத்தில் காவல் என்பதே பறிப்பாகத் தெரிந்தது.

ஏரியும் கடலும் ஒன்றல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். வேடந்தாங்கல் ஒரு கிராமத்தின் கண் பார்வைக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பல கிராமங்கள், பல தொழில்கள். விசைப்படகுக்காரரின் நலனும் நாட்டுப்படகுக்காரரின் நலனும் ஒன்றல்ல. 1986-ல் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்று இன்னும் சில தீவுகள் மூழ்கியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை என்பதற்கு அந்த 20 ஆண்டுகளே சாட்சி.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கி மூழ்க வேண்டும். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வைத்த பெயர் உண்டு. இந்தப் பாசிகளில் இருந்துதான் அகர் என்ற பொருளும் ஆல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன. ஐஸ்கிரீம், மருந்து, துணிச்சாயம் எனப் பலவற்றில் அவை சேர்கின்றன. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் இருக்கும் ஜெல்லியும் அகர்தான்.

1960-களில் இருந்து வியாபாரத்துக்காகப் பாசி எடுக்கப்படுகிறது. பாசி அதிகம் வளர்வது தீவுகளைச் சுற்றி. தீவுகளோ பூங்காவுக்குள். அதனால் 1986-க்குப் பிறகு இந்தப் பெண்களின் வேலையே சட்டவிரோதமாகிவிட்டது. படகைப் பிடிப்பது, பாசியைப் பறிமுதல் செய்வது, அபராதம் என்று பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய பகுதி. பாசி எடுக்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். தங்களுக்குத் தாங்களே விதி வைத்தார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் கடலுக்குப் போவது. இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் வளர விடுவது. பவளம் உடைந்தால் பாசி இல்லை, பாசி இல்லையென்றால் அடுப்பு எரியாது என்பதை அவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பு தன் ஆண்டுப் பரிசைச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்ணான லட்சுமி மூர்த்திக்குக் கொடுத்தது.

இதே கடலில் இன்னொரு பாசியின் கதையும் உண்டு. பிலிப்பைன்ஸில் இருந்து வந்த காப்பாஃபைகஸ் என்ற வேகமாக வளரும் பாசியை 1990-களில் மண்டபத்தில் ஆராய்ச்சிக்காக வளர்த்தார்கள். பிறகு வியாபாரப் பயிராக்கினார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அதனால் வருமானமும் வந்தது. ஆனால் அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நல்ல நோக்கத்தோடு கொண்டு வந்ததும் கடலில் போட்ட கோட்டை மதிக்கவில்லை. வெயிலும் மதிக்கவில்லை. 2016-ல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்தில் இருந்து 22.7 சதவீதமாக விழுந்தது.

இன்று குருசடைக்குப் போகிறவர்கள்

நீண்ட காலம் பொதுமக்களுக்கு மூடியிருந்த குருசடைக்கு அண்மை ஆண்டுகளில் வனத்துறை குந்துகாலில் இருந்து படகுச் சுற்றுலா நடத்துகிறது. குந்துகால் என்பதும் சாதாரண இடம் அல்ல. 1897 ஜனவரியில் சிகாகோ சொற்பொழிவுக்குப் பின் இலங்கை வழியாகத் தாய்நாடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். இப்போது அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது.

தூரத்தில் பாம்பன் பாலம் தெரியும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்ததால் ராமேஸ்வரம் ஊரானது. பாலம் வராததால் குருசடை தீவாகவே நிற்கிறது.

மூழ்கிக்கொண்டிருக்கும் தீவுகளைக் காக்கவும் முயற்சி நடக்கிறது. 2015 முதல் வான் தீவுக்கு முன்னால் துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளைக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அவை அலையை உடைத்தன, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. காரியாச்சல்லிக்கும் அதே போன்ற திட்டம் தொடங்கியுள்ளது. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுண்ணாம்புக்காகக் கடலில் இருந்து எடுத்ததைச் சிமெண்டாக மறுபடி கடலுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பவளப் பூச்சி இலவசமாகக் கட்டித் தந்த சுவரை மனிதன் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிறான்.

ஆனால் கான்கிரீட்டுக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளத் தெரியாது. அது உயிருள்ள பாறையாக மாற வேண்டுமானால் அதன் மேல் பவளம் வளர வேண்டும். பவளம் வளர வேண்டுமானால் யாராவது தினமும் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வனத்துறையின் ரோந்துப் படகு எப்போதாவது வரும். பாசி எடுக்கும் பெண் மாதம் 12 நாள் அங்கேதான் இருக்கிறாள். வேடந்தாங்கல் ஊராருக்கு 1798-ல் கிடைத்தது போன்ற ஒரு கவுல் அவளுக்கு இன்னும் யாரும் எழுதித் தரவில்லை. அவளாகவே எழுதிக்கொண்ட விதியைத்தான் அவள் காப்பாற்றி வருகிறாள்.

கடைசியாக, குருசடைக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க ஒரு சின்ன விஷயம். கரையில் வெள்ளை வெளேர் என்று கிளை கிளையாகப் பவளத் துண்டுகள் கிடக்கும். செத்ததுதானே, அலமாரியில் வைக்க ஒன்றே ஒன்று எடுத்தால் என்ன என்று கை நீளும். சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தத் துண்டு தீவில் கிடக்கும் குப்பை அல்ல. அந்தத் துண்டுகள் குவிந்ததற்குப் பெயர்தான் தீவு.